அப்பவே சாப்ட்டேன்

2024 ஆகஸ்ட் 13, செவ்வாய்க்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். வாசல் தெளித்துக் கோலம் போட்டு முடிக்க 5.20. அரை லிட்டர் பால் காய்ச்சி, ஒரு டம்ளர் காபி. மதியத்துக்குத் தயிர்ச்சோறும் எலுமிச்சை ஊறுகாயும் கட்டிக்கொண்டேன். 8.35 டவுன் பஸ். ஒன்பது மணிக்குக் கம்பெனியில் கையெழுத்து. சூளை முந்தின நாள் மாலை பற்றவைத்தது. ஒன்பதுக்கு 840 டிகிரி, பத்துக்கு 885, பதினொன்றுக்கு 930, பன்னிரண்டுக்கு 970. மணிக்கொரு முறை சூளையின் சூட்டைப் பதிவேட்டில் எழுதுவது என் வேலை. எல்லாம் அட்டவணைப்படி. ஒரு மணிக்கு பேக்கிங் கொட்டகையில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தேன்.

1.10க்கு அக்காவின் மகன் வந்தான்.

அக்கா என்று நான் சொல்வது உடன்பிறந்தவரை அல்ல. விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில், ஃபியூஸ் கட்டை செய்யும் எங்கள் சின்னக் கம்பெனியில் என்னோடு பதினேழு வருடம் வேலை பார்த்தவர். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். போன வருடம் ஆகஸ்டில் இறந்துபோனார். என் டைரிகளில் அவர் பெயர் ஓரிடத்திலும் இல்லை, 'அக்கா' என்றுதான் இருக்கிறது. இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

மகன் லாரி ஓட்டுகிறான். என்னைச் சித்தி என்று கூப்பிடுவான். மூட்டைகளுக்கு நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"வெள்ளிக்கிழம அம்மாவுக்கு வருஷ திதி சித்தி. மறக்காம வந்துருங்க."

"வராம இருப்பனா?"

"இன்னொண்ணு கேக்கணும். படையல்ல அம்மாவுக்குப் புடிச்சத வைக்கணுமில்ல? என்னா புடிக்கும்னு வூட்ல கேக்குறா. நானும் யோசிச்சு யோசிச்சு பாக்குறேன், ஒண்ணும் வரமாட்டேங்குது. எனக்குப் புடிச்சதுதான் ஞாபகத்துக்கு வருது." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நீங்கதான் தெனமும் அவங்ககூட ஒக்காந்து சாப்ட்டவங்க. நீங்க எழுதி வச்சிருப்பீங்க."

"பாத்து சொல்றேன் தம்பி."

எழுந்தவன், எப்போதும் சொல்வதை அன்றும் சொன்னான். "ஆஸ்பத்திரில நீங்க கூட இல்லன்னா அம்மா அப்பவே போயிருப்பாங்க. அத நான் சாவற வரைக்கும் மறக்க மாட்டேன்."

இரண்டரை வருடமாக இதை என்னிடம் சொல்லி வருகிறான். ஒவ்வொரு முறையும் நான் தலையாட்டியிருக்கிறேன்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து, ஆறு மணிக்கு டைரிகளை அலமாரியிலிருந்து இறக்கினேன். முப்பது வருட டைரிகள். எதில் எது இருக்கிறது என்று தேட எனக்கு அதிக நேரம் ஆகாது. ஒவ்வொரு மதியமும் அக்கா இருக்கிறார். 'மதியம் அக்காவுடன் சாப்பாடு. கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு.' 'மதியம் அக்காவுடன். முருங்கைக்கீரைப் பொரியல், உப்பு சற்றுத் தூக்கல்.' 'மதியம் அக்காவுடன். கருவாட்டுக் குழம்பு, நன்று.' இப்படிப் பக்கம் பக்கமாக. அவர் சமைத்தது இருக்கிறது. நான் சாப்பிட்டது இருக்கிறது. அவர் என்ன சாப்பிட்டார் என்பது இல்லை.

அக்காவின் வேலை தட்டிப் பார்ப்பது. சுட்டு இறக்கிய கட்டைகள் கூடைகூடையாக அவர் பெஞ்சுக்கு வரும். இரண்டிரண்டாக எடுத்து ஒன்றோடொன்று தட்டுவார். முழுக்கட்டை கணீரென்று பேசும். உள்ளே மயிரிழை விரிசல் இருந்தால் சத்தம் பாதியில் செத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத விரிசலை அவர் காது பிடித்துவிடும். தட்டும்போது எதிரே இருப்பவரோடு பேசிக்கொண்டே இருப்பார். பேச்சும் நிற்காது, கையும் தவறாது.

சூளையில் ஏற்றுவதற்கு முன்னால் இன்னும் சுடாத பச்சைக் கட்டை காய்ந்திருக்கிறதா என்று பார்ப்பதும் அவர்தான். ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைப்பார். சில்லென்று இருந்தால், "உள்ள ஈரம் இருக்குது. இன்னிக்கு வாணாம்" என்பார். வெளியே பார்த்தால் எலும்பு மாதிரி காய்ந்திருக்கும். ஆனால் ஈரத்தோடு ஏற்றிச் சூட்டை வேகமாகக் கூட்டினால் உள்ளேயே வெடிக்கும், பக்கத்தில் இருப்பதையும் உடைக்கும். 'அக்கா பார்த்தது: ஈரம். ஏற்றவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அவர் கன்னத்தைக் கேட்காமல் நான் எந்தச் சூளைக்கும் பதிவு தொடங்கியதில்லை.

என்னை அவர் கூப்பிட்டது 'கணக்குப்புள்ள'. நான் எல்லாவற்றையும் எழுதுவது அவருக்கு வேடிக்கை.

"கணக்குப்புள்ள, நான் தும்முனனே, எழுதிட்டியா?"

"எத்தன மணிக்குக்கா?"

"பாரு, நெசமாவே கேக்குறா!"

பெஞ்சில் இருக்கும் பெண்கள் எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பதிவேட்டில் தவறாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது என்பது எங்கள் கம்பெனி வழக்கம். சிவப்பு மையில் ஒற்றைக் கோடு போட வேண்டும். கோட்டுக்கு அடியில் பழையது படிக்கும்படி இருக்க வேண்டும். சரியானதை மேலே எழுதித் தேதியும் கையெழுத்தும் போட வேண்டும். சொந்த டைரியிலும் நான் அப்படித்தான் செய்வேன். அக்கா ஒருமுறை அதைப் பார்த்துவிட்டு, "தப்ப அழிக்க வுடமாட்டாங்க, காட்டிக்கிட்டே இருக்கணும், அப்படித்தான்?" என்றார். ஆமாம் என்றேன். "நல்ல கம்பெனிதான்" என்றார்.

மதியம் ஒரு மணிக்கு பேக்கிங் கொட்டகையில் நாங்கள் இருவரும் உட்காருவோம். நான் தனி ஆள், வீட்டில் ஒருவேளைக்குமேல் பொங்குவதில்லை. தயிர்ச்சோறுதான் எப்போதும். அக்கா இரண்டு அடுக்கு டிபன் கொண்டுவருவார். மூடியைத் திறந்ததும் மேல் அடுக்கை என் பக்கம் தள்ளுவார்.

"நீங்க சாப்புடுங்கக்கா."

"நான் அப்பவே சாப்ட்டேன்."

"எப்ப?"

"அப்பவே."

இதுதான் அக்கா. அவரை ஒரே வார்த்தையில் சொல்லச் சொன்னால் இந்த 'அப்பவே'யைத்தான் சொல்வேன். முதலாளி வீட்டுக் கல்யாணத்தில் சாம்பார் வாளியோடு பந்தி பந்தியாகச் சுற்றினார். கடைசிப் பந்தியில் உட்காரச் சொன்னபோது அப்பவே சாப்பிட்டுவிட்டார். ஆயுத பூசைக்குக் கம்பெனியில் பொங்கல் வைத்தால் அப்பவே சாப்பிட்டுவிட்டார். யாரும் துருவிக் கேட்பதில்லை. எல்லாவற்றுக்கும் மணி எழுதுகிற நானும் அந்த 'அப்பவே' எத்தனை மணி என்று கேட்டு எழுதியதில்லை.

எப்படி வந்த பழக்கம் என்று ஒருநாள் அவரே சொன்னார். கருவேப்பிலங்குறிச்சியில் எட்டுப் பேர் இருந்த வீட்டுக்குப் பத்தொன்பது வயதில் மருமகளாகப் போனார். எல்லாருக்கும் போட்டு முடித்தபோது சட்டியில் ஒன்றும் இல்லை. அந்த நேரம் பார்த்து மாமியார், "நீ சாப்ட்டியா?" என்று கேட்டார்.

"இல்லன்னு சொன்னா அவங்களுக்கு சங்கடம். அப்பவே சாப்ட்டேன்னு சொன்னேன். ஒடனே நம்பிட்டாங்க. ஒரு பொய்ய ஒருத்தர் ஒடனே நம்புனா எவ்ளோ சொகமா இருக்குது தெரியுமா கணக்குப்புள்ள?" சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அப்போதும் கை கட்டைகளைத் தட்டிக்கொண்டிருந்தது.

2021இல் ஆடிக்குப் பிறகு, இரண்டு அடுக்கையும் என் பக்கம் தள்ள ஆரம்பித்தார். டைரியில் இருக்கிறது. 'அக்கா இன்று இரண்டு அடுக்கும் கொடுத்தார். புடலங்காய்க் கூட்டு. வயிறு நிறைந்தது.' நிறைந்தது என் வயிறு. சில நாள் என்னோடு ஒரு கவளம் உருட்டுவார். வாயில் போட்டதும், "இரு, குழாய மூடுனனா பாத்துட்டு வரேன்" என்று எழுந்து கொட்டகைக்குப் பின்னால் போவார். திரும்பும்போது முந்தானையால் வாயைத் துடைத்துக்கொள்வார். குழாயைப் பற்றி நான் எழுதியதில்லை.

அக்டோபரில் ஆயுத பூசை. களிமண் மூட்டை நிறுக்கும் எடைமேடையைக் கழுவிப் பொட்டு வைத்த பிறகு வேலையாட்கள் எல்லாரும் ஒருவர்பின் ஒருவராக ஏறி நிற்பதும், நான் எடையை எழுதுவதும் எங்களுக்கு ஒரு விளையாட்டு. அக்காவின் எடை 2020இல் ஐம்பத்திரண்டு கிலோ. 2021இலும் ஐம்பத்திரண்டு. "ஒரு கிராம்கூட நகரமாட்டேங்குறீங்களே" என்று நான்தான் கேலி செய்தேன். டிசம்பரில் ஒரு வரி இருக்கிறது: 'அக்கா புதுச் செருப்பு வாங்கினார். பழையதைவிட ஓர் அளவு பெரியது.' அறுபதை நெருங்கும் பெண்ணுக்குக் கால் ஏன் பெரிதாகிறது என்று நான் யோசிக்கவில்லை. எழுதிவிட்டால் யோசித்ததாக நினைத்துக்கொள்வது என் சுபாவம்.

2022 பிப்ரவரியில் பெஞ்சிலேயே வாந்தி எடுத்து மயங்கினார். ஊரில் பார்த்த டாக்டர் கையை விரித்துவிட்டு, புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்தார். மகன் அப்போது நாக்பூர் பக்கம் லோடு ஏற்றிக்கொண்டு போயிருந்தான். நான் கூடப் போனேன். பிப்ரவரி 8, அதுவும் செவ்வாய்க்கிழமைதான்.

பழைய புண் ஆறி ஆறித் தழும்பேறி, இரைப்பையின் கீழ்வாசல் சுருங்கி அடைத்துவிட்டது என்றார்கள். அறுவை செய்து வேறு வழி போட வேண்டும். ஆனால் உடனே செய்ய முடியாது. உடம்பில் சத்து இல்லாமல் கத்தி வைத்தால் தையல் ஒட்டாது. வாய்வழி எதுவும் இறங்காததால், பத்து நாள் ரத்தக் குழாய் வழியாக முழுச் சாப்பாட்டையும் ஏற்றிவிட்டு, பதினெட்டாம் தேதி அறுவை. இதைச் சொன்னவர் இளவயது டாக்டரம்மா. தாளில் எழுதிக்கொண்டே கேட்டார்.

"எவ்ளோ நாளா சாப்பாடு சரியில்ல?"

அக்கா கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். நான் பையிலிருந்து டைரியை எடுத்தேன்.

"வாந்தி நாலு நாளாத்தாங்க டாக்டர். அதுக்கு முன்னாடி நல்லா சாப்ட்டாங்க. மத்தியானம் நானும் அவங்களும் ஒண்ணாத்தான் சாப்புடுவோம்." பக்கத்தைப் புரட்டிக் காட்டினேன். "பாருங்க, போன வியாழக்கெழமகூட வெண்டக்கா பொரியல்."

"எடை கொறஞ்சுதா?"

"இல்லைங்க. அம்பத்திரண்டு. முந்தின வருஷமும் அதேதான்."

டாக்டரம்மா எழுதிக்கொண்டார். பிறகு சிரித்தார். "இவ்ளோ கரெக்டா சொல்ற ஆளுங்க கூட வந்தா எங்களுக்குப் பாதி வேலை மிச்சம்மா."

எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. அன்றைய டைரியில் கடைசி வரி இது: 'டாக்டர் கேட்டதற்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னேன்.'

மறுநாள் மாலை கழுத்துப் பக்கம் குழாய் போட்டு ஏற்ற ஆரம்பித்தார்கள். பால் போல வெள்ளையாக ஒரு பெரிய பை. வெளிச்சம் படக்கூடாது என்று அதற்கு உறை. சர்க்கரை, கொழுப்பு, புரதம் எல்லாம் அதில் கலந்திருக்கிறது, நான்கு நாள் வாந்திதான் என்பதால் முழு அளவே கொடுக்கலாம் என்றார்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். நான் எழுதிக்கொண்டேன்: 148, 212, 286.

"ஒரு முட்டாய் திங்கல, சக்கர வியாதி குடுத்துட்டீங்களேம்மா" என்று அக்கா நர்ஸைக் கேட்டார். புதுப் பை மாட்டும்போது, "இன்னிக்கு என்னா கொழம்பு?" என்றார்.

"வத்தக்கொழம்பும்மா" என்றது அந்தப் பெண்.

"உப்பு பாத்தியா?"

மூன்றாம் நாள் காலை, சனிக்கிழமை, அக்காவுக்கு மூச்சு இரைத்தது. கால் வீக்கம் முழங்காலுக்கு ஏறியிருந்தது. கண்கள் ஒரு நிலையில் நிற்காமல் ஆடின. என்னை யாரோ ஒரு நாத்தனார் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஒரு கரண்டியை எடுத்துக் கட்டில் கம்பியில் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டார். மறுபடி தட்டினார். "சத்தம் சரியில்ல" என்றார்.

ரத்தம் எடுத்துப் போனார்கள். அரை மணியில் பையின் வேகத்தைக் குறைத்தார்கள், பிறகு நிறுத்தினார்கள். அக்காவைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். டாக்டரம்மா என்னை வராந்தாவில் நிறுத்திக் கேட்டார். இந்தத் தடவை கையில் தாள் இல்லை.

"அம்மா, நெஜமா சொல்லுங்க. இவங்க சாப்ட்டு எவ்ளோ மாசம் ஆச்சு?"

நான் டைரியைத் திறந்தேன். வெண்டைக்காய். புடலங்காய்க் கூட்டு, இரண்டு அடுக்கும். கீரை. முதன்முறையாக அந்த வரிகளில் அக்காவின் வாயைத் தேடினேன். ஓரிடத்திலும் இல்லை. கொட்டகைக்குப் பின்னால் இருந்த குழாய் ஞாபகம் வந்தது. பெரிய செருப்பு ஞாபகம் வந்தது.

"தெரியலைங்க டாக்டர்" என்றேன். அன்று நான் சொன்ன ஒரே சரியான பதில் அது. அதுவும் முழுதாக இல்லை. 'நான் சொன்னது தவறு' என்று சொல்லவில்லை.

அவர் கோபப்படாமல் விளக்கினார். மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும் உடம்பு தன் தசையையும் கொழுப்பையும் கரைத்தே காலம் ஓட்டும். உப்புச் சத்துகளின் சேமிப்பு தீர்ந்திருக்கும், ஆனால் ரத்தத்தில் பார்த்தால் சரியாக இருப்பதுபோலவே தெரியும். அந்த நிலையில் சர்க்கரையை ஒரேயடியாக ஏற்றினால் இன்சுலின் எழும்பும். ரத்தத்தில் மிச்சம் இருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம் எல்லாம் செல்லுக்குள் ஓடிவிடும். ஏற்கெனவே குறைந்திருந்த பி ஒன் வைட்டமினும் தீர்ந்துபோகும். மூச்சுத் தசை தளரும், இதயம் தடுமாறும், மூளை கலங்கும். எடை குறையாமல் இருந்தது சதையால் அல்ல, கால்வரை தேங்கிய நீரால்.

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா வைட்டமின் போட்டுட்டு, கால் பங்குல ஆரம்பிச்சு மெதுவா ஏத்தியிருப்போம். நாங்களும் கால அமுக்கிப் பாத்து யோசிச்சிருக்கணும். எழுதி வச்சுச் சொன்னீங்கன்னு நம்பிட்டோம்."

மெதுவாக ஏற்றுவது எதற்கென்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒவ்வொரு சூளைக்கும் மணிக்கொரு முறை அதைத்தான் எழுதுகிறேன். உள்ளே ஈரம் இருக்கிறதா என்று அக்காவைக் கேட்காமல் ஒரு கட்டையைக்கூட ஏற்ற விடாதவள், அக்காவை எதுவும் கேட்காமல் அவருக்காகப் பதில் சொன்னேன்.

ஐந்து நாள் கழித்து அக்கா வார்டுக்குத் திரும்பினார். பையைக் கால் பங்கில் மறுபடி தொடங்கியிருந்தார்கள். ஒருநாள் மாலை நான்கு மணி இருக்கும். என்னை அருகில் கூப்பிட்டார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது.

"அன்னிக்கு டாக்டர்கிட்ட நீ சொன்னது என் காதுல வுழுந்துச்சு."

"ஏன்க்கா நீங்க சொல்லல? இல்ல, பொய்யின்னு சொல்லியிருக்கலாமில்ல?"

"நீ நோட்ட பாத்து அவ்ளோ தெளிவா சொன்ன. எனக்கே வெண்டக்கா பொரியல் தின்னமாதிரி இருந்துச்சு." சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்தது. "ஆடியிலேருந்தே ஒண்ணும் எறங்கல கணக்குப்புள்ள. கஞ்சித் தண்ணிதான். அதுவும் பாதி வெளிய வந்துரும். சொன்னா கிழிச்சுப் பாப்பாங்கன்னு பயம். எப்பவும் சொல்றதுதான, அப்பவே சாப்ட்டேன்னு. யாரு கண்டுபுடிக்கப் போறாங்க?"

நான் அழுதேன். அழுதபடியே ஒன்று கேட்டேன். அதை எழுதக் கை கூசுகிறது.

"தம்பிகிட்ட இத சொல்லாதீங்கக்கா."

மகன் மூன்று நாள் முன்பு வந்திருந்தான். நர்ஸுகள் எல்லாரும் நான் இரவு பகலாகக் கூட இருந்ததைச் சொல்லியிருந்தார்கள். அவன் என் காலைத் தொட வந்து, நான் தடுத்திருந்தேன். அந்த மரியாதையை இழக்க எனக்கு மனம் வரவில்லை. நோயில் கிடப்பவரிடம் போய் எனக்காக ஒரு பொய்யைச் சுமக்கச் சொன்னேன்.

அக்கா என் கையைத் தட்டிக்கொடுத்தார். "என்னத்த சொல்லப் போறேன்? வுடு" என்றார். கடைசிவரை சொல்லவில்லை.

பதினெட்டாம் தேதி நடக்க வேண்டிய அறுவை மார்ச் நான்காம் தேதி நடந்தது. நன்றாகவே முடிந்தது. அறுவைக்குப் பிறகும் பை ஓடியது. வெட்டுப்பட்ட உடம்பு சர்க்கரையைச் சீக்கிரம் ஏற்றுக்கொள்ளாது என்று கூடவே இன்சுலினும் போட்டார்கள். ஆறாம் நாள் வாய்வழி முப்பது மில்லி தண்ணீர் கொடுக்கச் சொன்னார்கள். நர்ஸ் ஒரு சின்ன அளவு மூடியில் கொண்டுவந்தாள்.

"என்னாது இது, காதுல ஊத்துற மருந்தா?" என்றபடி அக்கா வாங்கி உதட்டில் வைத்தார். பாதி குடித்தார். பிறகு மூடியை என் பக்கம் நீட்டினார்.

"நீ குடி. காலையிலேருந்து வாயில ஒண்ணும் போடல நீ."

"அம்மா! அது உங்களுக்கு அளந்து குடுத்தது!" என்று நர்ஸ் கத்தினாள்.

"நான் அப்பவே குடிச்சிட்டேன்மா" என்றார் அக்கா.

வார்டே சிரித்தது. நான் எழுதிக்கொண்டேன்: 'காலை 10.05. தண்ணீர் 15 மில்லி.' அக்காவின் வாய்க்குள் போனதை நான் எழுதிய முதல் வரி அது.

வயிறு சரியானது. நடை சரியாகவில்லை. பாதத்தில் உணர்ச்சி குறைந்தது, நிற்கும்போது உடம்பு ஒருபக்கமாகச் சாய்ந்தது. பி ஒன் தீர்ந்துபோன அந்த நாட்களின் மிச்சம் அது, முழுதாகத் திரும்பாது என்றார்கள். பெஞ்சில் நின்று வேலை பார்க்க முடியவில்லை. வீட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நான் சில ஞாயிற்றுக்கிழமைகளில் பையில் நாலைந்து கட்டைகளைப் போட்டுக்கொண்டு போவேன். உட்கார்ந்தபடி தட்டிப் பார்ப்பார். காது அப்படியே இருந்தது. "இது தேறாது" என்று ஒன்றைத் தள்ளி வைப்பார். கம்பெனியில் புதிதாக வந்த பெண் அதைத் தேறியதில் போட்டிருப்பாள்.

போன வருடம் ஜூலையில் குளியலறையில் சாய்ந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. படுக்கையில் கிடந்து நெஞ்சில் சளி கட்டி, ஆகஸ்டில் முடிந்தது. வயதானவர்கள் விழுவது சகஜம் என்று எல்லாரும் சொன்னார்கள். அந்த வெண்டைக்காய்ப் பொரியலுக்கும் குளியலறைத் தரைக்கும் நடுவே ஒரு கோடு போடலாம். போடாமலும் இருக்கலாம். நான் தினமும் போடுகிறேன்.

டைரிகளைப் புரட்டி முடித்தபோது 8.20. தேடியது கிடைத்திருந்தது. 2022 ஜூலை, பரிசோதனைக்குப் போய்த் திரும்பிய நாள். விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அக்கா நின்றுவிட்டார்.

"கணக்குப்புள்ள, வேவிச்ச மல்லாட்ட வாங்கிக் குடேன்."

அவர் தனக்கென்று ஒன்று கேட்டு நான் கேட்டது அந்த ஒருமுறைதான். வேகவைத்த நிலக்கடலைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக உரித்து, கண்ணை மூடி மென்று தின்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"எண்ணுறியா?"

"இல்லக்கா."

"எண்ணிக்கோ, எண்ணிக்கோ. உன்னை இனிமே ஏமாத்த முடியாது."

பதினொன்று. பன்னிரண்டாவதை உரித்து என் வாயில் வைத்தார்.

அவன் கேட்டதற்கு இதுதான் பதில். அப்போதே போன் செய்து, 'அவிச்ச மல்லாட்ட வைப்பா' என்று சொல்லியிருக்கலாம். அவனும் 'நீங்க இருக்கங்காட்டியும் தெரிஞ்சுது சித்தி' என்று மறுபடி நன்றி சொல்லியிருப்பான். போனைக் கையில் எடுத்து, கீழே வைத்துவிட்டேன். படையலில் அவருக்குப் பிடித்ததை வைப்பது அவர் வந்து சாப்பிடுவார் என்ற நம்பிக்கையில். அவர் சாப்பிட்டதைப் பற்றி நான் சொன்ன முதல் சாட்சி பொய். இரண்டாவதை மட்டும் எப்படிக் கொடுப்பது?

ஆகஸ்ட் 14, புதன்கிழமை. 4.50க்கு எழுந்தேன். கோலம் போடவில்லை, பால் காய்ச்சவில்லை. முதல் வேலையாகச் சிவப்பு மைப் பேனாவை எடுத்தேன். 2022 பிப்ரவரி எட்டாம் தேதிப் பக்கத்தில், கடைசி வரியின் மேல் ஒற்றைக் கோடு போட்டேன். பழையது படிக்கும்படி இருந்தது. மேலே எழுதினேன்: 'நான் சொன்னது தவறு. அக்கா சாப்பிட்டதை நான் பார்க்கவில்லை.' தேதி, கையெழுத்து. டைரியைப் பையில் வைத்துக்கொண்டு அவன் வீட்டுக்கு நடந்தேன்.

அவன் வாசல் குழாயடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தான்.

"என்னா சித்தி, இந்நேரத்துல? வாங்க, உக்காருங்க. எதுனா சாப்ட்டீங்களா?"

"இல்ல தம்பி. இன்னும் ஒண்ணும் சாப்டல."

"இருங்க, காபி போடச் சொல்றேன்."

டைரியைத் திறந்து அந்தப் பக்கத்தை அவன் பக்கம் திருப்பினேன்.

"மொதல்ல இத படி. அதுக்கு அப்புறமும் குடுக்கணும்னு தோணுச்சுன்னா, குடு."